பச்சைத் தாள் விதி

பச்சைத் தாள் வாங்குவது அவ்வளவு சுலபமான காரியமில்லை, ஐயா. வெள்ளைத் தாள் என்றால் கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். பச்சை என்றதும் பண்டகசாலைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "கலர் பேப்பர் எதுக்கு மேடம், பூ வெட்டி ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டார். நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதில் துணைவேந்தர் அலுவலகத்துக்கு ஒரு நகல் போட்டதும், மறுநாள் காலையில் கட்டு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை நான்.

உங்கள் விசாரணைக் குழுவின் இடைக்கால அறிக்கையைப் படித்தேன். வேதியியல் கட்டடத்து இரண்டாம் மாடியில், பன்னிரண்டாம் எண் அறையில் மூன்று பேர் தாக்கப்பட்டு இறந்ததற்குப் பச்சைத் தாள் விதிதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் எந்தக் கட்டடத்திலும் அந்த விதி இருக்கக் கூடாது என்றும் பரிந்துரை செய்திருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த விதியை எழுதியவள் நான். விதியில் தப்பு இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். யாரும் கூப்பிடாமல் நானாக வந்து உட்கார்ந்திருப்பது அதைச் சொல்வதற்குத்தான். மென்று முழுங்கிப் பேச எனக்குத் தெரியாது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நீங்களும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

அந்தக் கட்டடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது அலுவலகக் கண்காணிப்பாளர். நான்கு வருடத்துக்கு முன்பு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பேராசிரியர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மாநாடு. கடைசியில் அது என் தலையில் விழுந்தது. விழுந்ததை ஒழுங்காகச் செய்தேன். அரை நாள் பயிற்சிக்குப் போய்வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து, வளாகத்தில் கலவரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு விதிகள் எழுதினேன். மாணவர்கள் எனக்குச் 'சட்டம் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், "வீட்டுல பால் பொங்கினாக்கூட இவ அடுப்பை அணைக்க மாட்டா, சுற்றறிக்கைதான் அனுப்புவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பச்சைத் தாள் மூன்றாவது விதி. கலவரம் என்றால் பக்கத்தில் இருக்கிற அறைக்குள் போக வேண்டும். கதவைப் பூட்ட வேண்டும். விளக்கை அணைத்து, போனின் சத்தத்தை நிறுத்திவிட்டு, பச்சைத் தாள் ஒன்றைக் கதவுக்கு அடியில் பாதி வெளியே தெரிகிற மாதிரித் தள்ளி வைக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறார்கள், நலமாக இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். யாருக்காவது அடிபட்டிருந்தால் சிவப்புத் தாள். காவலாளிகள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே ஒரு பார்வையில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். கதவைத் தட்டி யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டியில் தாள்களை நானே வெட்டிப் போட்டிருந்தேன். இதில் என்ன குறை சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

நான்கு தடவை ஒத்திகை வைத்தேன். முதல் ஒத்திகையில் எல்லாரும் கூத்தடித்தார்கள். வாலு என்று ஒரு பெண், ஆராய்ச்சி மாணவி, ஆறு வருடமாக அங்கேயே பழியாய்க் கிடக்கிறவள், மஞ்சள் தாளில் 'டீ வேணும்' என்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவளை ரொம்ப நேரம் கோபித்துக்கொள்ள முடியாது. "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது என் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனவள். அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. இதை நான் இப்போது சொல்வதால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் உண்மை அதுதான்.

அன்றைக்கு மாணவர்கள் வேலைநிறுத்தத்தின் நான்காவது நாள். முந்தின நாள் சாயங்காலம் வாசலுக்கு எதிரே இருந்த கடைகளுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். மாணவர்கள்தான் வைத்தார்கள் என்று ஊருக்குள் பேச்சு. ஒரு கடைக்காரருடைய தம்பி உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனார். காலை பதினொன்றரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் கடைக்காரர்கள் பக்கத்து ஆட்கள் திரண்டிருந்தார்கள், எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வாசற்கதவு விழுந்தது. எங்கள் கட்டடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. ஆய்வகங்களுக்குப் போகிற வாயுக் குழாயின் பெரிய திருகை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது இரண்டாவது விதி. அது துருப்பிடித்துப்போய் என் கைக்குத் திரும்பவே இல்லை. அதோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. அதற்குள் கீழே படிக்கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பதினோராம் எண் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அது கண்ணாடிச் சாமான் அறை, சாவி என்னிடம்தான் இருக்கும். தரையிலிருந்து கூரை வரைக்கும் நாலு பக்கமும் தட்டுகள். தட்டு நிறையக் குடுவைகள், குழாய்கள், பீக்கர்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். விளக்கை அணைத்தேன், போனை அடக்கினேன், பச்சைத் தாளை எடுத்துக் கதவுக்கு அடியில் பாதி வெளியே தள்ளினேன். எல்லாம் முறைப்படிதான்.

ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, ஐயா. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கீழே ஒரு கதவில் அடி விழும். உடனே என் தலைக்குமேல் இருக்கிற குடுவைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அடுத்த அடி. அடுத்த கிணுகிணுப்பு. முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் தட்டை இடித்துவிடுவேனோ என்று இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். புடவை நனைந்திருந்தது. அது வியர்வை இல்லை. வெட்கத்தை விட்டு இதையும் சொல்கிறேன், அன்றைக்கு நான் எந்த நிலையில் இருந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போதுதான் கதவை விரலால் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான். திறங்கக்கா."

வாலுவின் குரல். அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆய்வக உதவியாளர், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி, எங்கள் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான். இன்னொருவன் முதுகலை மாணவன், தாடி என்று கூப்பிடுவார்கள், வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்று கோஷம் போட்டவன். அவர்கள் ஓடிவந்து ஒளிய இடம் தேடும்போது, என் தாள் வெளியே தெரிந்திருக்கிறது.

"அம்மா, நான் மெதுவாத்தான் பேசறேன்," என்று அண்ணன் சொன்னார். "கீழே வந்துட்டானுங்க. மூணு பேருதான். கொஞ்சம் கதவைத் திறங்கம்மா."

நான் திறக்கவில்லை. ஆறாவது விதி, ஒரு தடவை பூட்டிய கதவைக் காவலாளிகள் வரும்வரை திறக்கக் கூடாது. அதுபோக அந்த அறையில் நாலு பேர் நின்றால் யாராவது ஒருவருடைய முழங்கை தட்டில் படாமல் இருக்காது. ஒரு குடுவை விழுந்தாலும் நாலு பேரும் போய்விடுவோம். எதிரே பன்னிரண்டாம் எண் அறை திறந்துதான் இருந்தது. அது தராசு அறை. காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டியது, உள்ளே பெரிய கல்மேசை ஒன்று இருக்கிறது. ஒளிவதற்கு என் அறையைவிட நல்ல இடம். இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"உள்ளதான் இருக்காங்க. பயந்துபோயிருக்காங்க, விடுங்க," என்று வாலு அவர்களிடம் சொன்னது கேட்டது. அப்புறம் எதிர் அறைக் கதவு சாத்துகிற சத்தம், தாழ்ப்பாள் போடுகிற சத்தம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது, எனக்கும் தொந்தரவு இல்லை.

உங்கள் அறிக்கையில் தப்பாக இருப்பது இதற்கு அப்புறம் நடந்ததுதான். அந்த மூன்று பேரும் பச்சைத் தாள் வைத்ததால்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வைக்கவே இல்லை. வாலு வைக்கவிடவில்லை. "பேப்பர் வேண்டாம், நாமளே அதைப் பாத்துத்தானே வந்தோம்" என்று கதவு சாத்தும்போது அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நாலு ஒத்திகை பார்த்தவள், மூன்றாவது விதியை மனப்பாடமாகச் சொல்கிறவள், அன்றைக்குப் பார்த்து அதைப் பின்பற்றவில்லை. ஆகவே பன்னிரண்டாம் எண் அறையில் விதி நடைமுறையில் இல்லை. நடைமுறையில் இல்லாத விதிமேல் எப்படிப் பழி போட முடியும்?

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. தடித்த குரல், இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

"பச்சைப் பேப்பர் இருக்கிற ரூமுல எல்லாம் ஆள் இருக்கானுங்கடா. கதவுக்குக் கீழ பாத்து உடைங்க."

தரைத்தளத்தில் தட்டச்சர்கள் இரண்டு பேர் தாள் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இழுத்துப்போட்டு அடித்தது உங்களுக்குத் தெரியும். அதை வைத்து நீங்கள் விதியைக் குறை சொல்லலாம். ஆனால் அவர்கள் பிழைத்துவிட்டார்கள், ஐயா. ஒருவருக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான்.

என் தாள் வெளியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருக்கிற பாதி எனக்குத் தெரிந்தது, வெளியே இருக்கிற பாதி அவர்களுக்குத் தெரியப் போகிறது. இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டேன். அப்போது அவர்கள் முதல் மாடியில் இருந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் அதையே சொன்னார். ஆனால் நீங்கள் அந்த அறையில் இல்லை. நான் யோசித்தது இதுதான். ஒரு மாடியில் எந்தக் கதவிலும் தாள் இல்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? சந்தேகப்பட்டு ஒவ்வொரு கதவாக உடைத்துப் பார்ப்பார்கள். முதல் மாடியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழு கதவு. ஒரே ஒரு கதவில் தாள் இருந்தால் அந்த ஒரு கதவோடு போய்விடுவார்கள். தேடி வந்தது கிடைத்துவிட்டால் அதற்குமேல் யார் மெனக்கெடுவார்கள்? அதுவும் அவர்கள் தேடி வந்தது மாணவர்களை. குறிப்பாகத் தாடியை. என்னைத் தேடி யாரும் வரவில்லை. எனக்கும் அந்தச் சண்டைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நான் வாயுக் குழாயை அடைக்க நின்றவள்.

ஆடிக்கொண்டிருந்த முழங்கால் அப்போது நின்றுவிட்டது. அதுதான் எனக்கே ஆச்சரியம். செருப்பைக் கழற்றினேன். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். தாழ்வாரத்தில் மூன்று எட்டு வைத்தால் பன்னிரண்டாம் எண் அறை. குனிந்து தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினேன், பாதி உள்ளே, பாதி வெளியே.

உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள்.

ஏதோ சேதி எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள், பாவம். தாள் என் விரலுக்கு அடியில் நகர்ந்து உள்ளே போக ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவர்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"யாரது?" என்று அண்ணன் கேட்டார்.

"நான்தாண்ணே," என்று சொன்னேன். "அப்படியே இருக்கட்டும், இழுக்காதீங்க. செக்யூரிட்டி வந்துட்டாங்க. பேப்பர் இருந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

"சரிம்மா," என்றார் அவர். "நல்ல வேளை வந்து சொன்னீங்க."

உள்ளேயிருந்து பிடி விட்டுவிட்டது. தாளை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து, படிக்கட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நேராக்கி வைத்தேன். திரும்பி வந்து பூட்டிக்கொண்டேன். காவலாளிகள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பத்தொன்று. உங்கள் அறிக்கையில் பன்னிரண்டரை என்று போட்டிருக்கிறது, அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடத்தில் அவர்கள் வந்தார்கள். "இங்கடா" என்று ஒரே சத்தம். என் கதவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நினைத்தது அப்படியே நடந்தது. எதிர்க் கதவை உடைக்க எட்டு அடி ஆயிற்று. அப்புறம் நடந்ததை உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார், நான் வேறு எதற்கு. அண்ணன் கதவுக்குக் குறுக்கே நின்றிருக்கிறார் என்று மட்டும் சத்தத்தை வைத்துத் தெரிந்தது. "பிள்ளைங்கப்பா, விட்டுருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அப்புறம் சொல்லவில்லை. தாடியைப் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். வாலுவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அவர்கள் போய் நாற்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தேன். ஆறாவது விதி.

வாலு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலு நாளும் நான் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்ணும்போதெல்லாம் உங்க பேச்சுதாங்க. எங்க அக்கா இருக்காங்க, எனக்கென்ன பயம்னு சொல்வா" என்று அழுதார். நான் அவருக்குத் தலைவாரிவிட்டேன், சாப்பிடாமல் இருந்தவருக்கு ஊட்டிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணாடிச் சாமான் அறையில் இருந்த பயம் ஒரு மாதிரி. ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்த பயம் வேறு மாதிரி. அங்கே அவளுடைய இமை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டவில்லை, இதை அடித்துச் சொல்வேன். பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் வேண்டினேன். ஐந்தாம் நாள் காலையில் அவளுடைய அம்மா போன் செய்தார். அன்றைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அவ்வளவுதான். நான்தான் தாளை வைத்தேன். மூன்று பேர் சாவுக்கும் நான்தான் காரணம், என் விதி இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அந்தப் பதினான்கு விதிகளை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அறிக்கையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றே எட்டு தூரத்தில் இன்னொரு பூட்டிய அறை இருந்தும் அந்தக் கும்பல் அதை ஏன் தொடவில்லை என்று. அதற்கும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்களில் ஒருவன் போகிற போக்கில் நின்று வாலுவைக் கேட்டான். அவள் அப்போது தரையில் கிடந்தாள். கதவு இடுக்கு வழியாக அவள் கையும் முகமும் எனக்குத் தெரிந்தன.

"இந்த மாடியில வேற யாரு இருக்கா? சொல்லிட்டா உன்னை விட்டுடறோம்."

செக்யூரிட்டி யாரும் வரவில்லை என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்கும். தாளைக் கொண்டுவந்து வைத்தது யார் என்றும் தெரியும். நான் எந்த அறையில் இருக்கிறேன் என்றும் தெரியும். என் கதவுக்கு நேராகத்தான் அவள் முகம் இருந்தது.

"யாரும் இல்ல," என்று சொன்னாள்.

அவன் இன்னொரு தடவை கேட்டான். கேட்டபோது வெறும் வாயால் மட்டும் கேட்கவில்லை. அப்போதும் அவள் அதையேதான் சொன்னாள்.

பதினொன்றாவது விதி, ஐயா. என்ன நேர்ந்தாலும் மற்றவர்கள் ஒளிந்திருக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் உயிர் பிழைக்கலாம் என்பதற்கு, இதோ உங்கள் எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறேனே, வேறு என்ன சாட்சி வேண்டும்?